கும்மிடிப்பூண்டிக்கு அப்பால்: வாசகர் கேள்வி, நம் பதில்

வடசென்னை ரயில் பயணம் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய ஆந்திரப் பக்கத்துக் கடிதங்கள், அல்லது ஆந்திரப் பக்கம் குடிபோக யோசிப்பவர்களின் கடிதங்கள். அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கொசு, குப்பை, கால்வாய் எல்லாம் அடுத்த முறை.

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை கட்டி மாளவில்லை. என் கணவருக்கு மண்ணடியில் இரும்புக் கடையில் வேலை. தடாவில் இருக்கும் என் நாத்தனார், "இங்கே வந்துடுங்க, பாதி வாடகையில் தனி வீடு கிடைக்கும், அண்ணன் ரயிலில் போய் வரட்டும்" என்கிறார். பெரிய பெண் இங்கே அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். போகலாமா? (தண்டையார்பேட்டை வாசகி)

நாத்தனார் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை அம்மா. தடாவிலிருந்தும் சூலூர்பேட்டையிலிருந்தும் தினமும் சென்னைக்கு வந்து போகிறவர்கள் நிறைய பேர். ஆனால் ஒரு விஷயத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அங்கேயே இருப்பவர்களுக்கு அது பழகிப் போயிருக்கும். மாநில எல்லை ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் இருக்கிறது, ரயிலுக்கு எல்லை கும்மிடிப்பூண்டியில்தான். கும்மிடிப்பூண்டி வரை ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி இருக்கிறது என்று நிம்மதியாக டீ குடிக்கலாம். அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை என்று போகிற வண்டிகள் ரொம்பக் குறைவு, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படித்து முடிக்கலாம். ஆரம்பாக்கம் தமிழ்நாடுதான், ரேஷன் அரிசியும் தமிழ்நாட்டு அரிசிதான், ஆனால் வண்டி விஷயத்தில் அது தடாவோடு சேர்த்தி.

மண்ணடிக் கடைகள் எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். லாரி வந்து நின்றால் சரக்கு இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வாடகையையும் முதலில் பார்க்காதீர்கள், இரவு கடைசி சூலூர்பேட்டை வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, அதையும் பாருங்கள். அப்புறம், தண்டவாளப் பராமரிப்பு என்று அறிவித்துவிட்டால் வெட்டு முதலில் விழுவது இந்தக் கடைசித் துண்டில்தான். வண்டி கும்மிடிப்பூண்டியோடோ அதற்கு முன்பாகவோ நின்றுவிடும், மிச்ச தூரத்துக்குக் கூட்டமான பஸ்ஸில் தொங்க வேண்டும். மாதத்தில் சில ராத்திரி வீட்டுக்காரர் கடையிலேயே படுத்துக்கொள்ள ஒத்துக்கொள்வார் என்றால் யோசிக்கலாம்.

இரண்டாவது, பெண்ணின் படிப்பு. இதுதான் எனக்குப் பெரிய தயக்கம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், அதற்கும் அரசுப் பள்ளிப் படிப்புத்தான் கணக்கு. எட்டாவதில் பெண்ணை எடுத்துக்கொண்டு போய் தடாவில் சேர்த்தால் இது இரண்டும் போயிற்று. தெலுங்கு புதிதாகப் படிக்க வேண்டிய பாரம் தனி. உங்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறதா? ரேஷன் கார்டை ஆந்திராவுக்கு மாற்றினால் அதுவும் நின்றுவிடும். வாடகையில் மிச்சமாவதிலிருந்து இதையெல்லாம் கழித்துப் பாருங்கள், நாத்தனார் கணக்கு சுருங்கிவிடும்.

என்னைக் கேட்டால் மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை, மிஞ்சிப்போனால் கும்மிடிப்பூண்டி. வாடகை தடா அளவுக்கு இறங்காது, ஆனாலும் தண்டையார்பேட்டையைவிட இறங்கும், பெண் தமிழ்நாட்டிலேயே படிப்பாள், வண்டியும் உண்டு. அந்தப் பக்கத்து எல்லா வண்டியும் மூர் மார்க்கெட்டுக்கு, அதாவது சென்ட்ரலின் மின்சார ரயில் நிலையத்துக்கு, வருவதில்லை, சில வண்டிகள் கொருக்குப்பேட்டையில் பிரிந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போகும். மண்ணடிக்கு அதுதான் தோது, இறங்கி நடந்தே போய்விடலாம். நாத்தனார் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: நான் சூலூர்பேட்டை. மாநிலம் தாண்டி சீசன் டிக்கெட் தருவார்களா? அதை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறலாமா? (சூலூர்பேட்டை வாசகர்)

தாராளமாகத் தருவார்கள். ரயில்வேக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. கூடூர் பக்கம் வரைக்கும் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம்தான், உங்கள் சூலூர்பேட்டை நிலையமும் அதில் அடக்கம். புகார் எழுதினாலும் சென்னைக்கே எழுதுங்கள், விஜயவாடாவுக்கு எழுதினால் தபால் செலவுதான் மிச்சம். மாத சீசன் என்பது சுமாராக 15 ஒருவழிப் பயணத்தின் கட்டணம். அதாவது எட்டு நாள் போய் வந்தாலே போட்ட காசு வந்துவிடும், மிச்ச நாள் எல்லாம் லாபம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

எக்ஸ்பிரஸ் விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் சீசன் இருக்கிறது என்று முன்பதிவுப் பெட்டியில் ஏறி, கண்ணை மூடித் தூங்குவதுபோல் உட்கார்ந்துகொள்வது. டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) எழுப்புவார். சீசன் டிக்கெட்டுக்கு முன்பதிவுப் பெட்டியில் இடம் கிடையாது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் அதற்குத் தனிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். உங்கள் சீசனுக்கு எந்த வண்டி செல்லும் என்று கவுன்டரில் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணம் போக அபராதமே குறைந்தது 250 ரூபாய். கைபேசியில் சீசன் எடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பரிசோதகர் கேட்கும்போது போனில் சார்ஜ் இல்லை என்றால் டிக்கெட்டும் இல்லை என்றுதான் அர்த்தம். போகும் வழியெல்லாம் ரீல்ஸ் பார்க்கிறவர்கள் அட்டை சீசன் வாங்குவது நல்லது.

கேள்வி: பாரிமுனையில் துணிக்கடையில் வேலை, ஓட்டு சூலூர்பேட்டையில். 2024 மே 13 அன்று எங்கள் ஊரில் தேர்தல். "ஏப்ரல் 19 அன்றே லீவு விட்டாச்சு, உனக்குத் தனியா ஒன்றா" என்று கடையில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இது சரியா? (இன்னொரு சூலூர்பேட்டை வாசகர்)

சரியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் சேர்த்துத்தான். கடை எந்த ஊரில் இருக்கிறது என்பது கேள்வியில்லை, உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஏப்ரல் 19 தமிழ்நாட்டு வாக்காளருக்கான விடுமுறை. அன்று உங்களுக்கும் லீவு கிடைத்தது என்றால் அது கடையை மூடியதால் கிடைத்தது, உங்கள் ஓட்டுக்காக இல்லை. நீங்கள் வராவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் என்கிற மாதிரி வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. துணிக்கடையில் ஒரு ஆள் குறைந்தால் அப்படி என்ன ஆபத்து வந்துவிடும்?

ஆனால் பல்லில்லாத சட்டம். மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சமே 500 ரூபாய்தான். அதனால் அடுத்த தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே வாக்காளர் அட்டை நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சண்டையைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: தினமும் அத்திப்பட்டுக்கு வடக்கே எங்காவது வண்டி படுத்துவிடுகிறது. வேண்டுமென்றே நிறுத்துகிறார்களா? கவரப்பேட்டை விபத்துக்குப் பிறகு பயமாகவும் இருக்கிறது. (பொன்னேரி வாசகி)

வேண்டுமென்று யாரும் நிறுத்துவதில்லை, ஆனால் உங்கள் வண்டியைத்தான் நிறுத்துகிறார்கள் என்பது உண்மை. இது டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகிற பெரும்பாதை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி., கோரமண்டல் எல்லாம் இந்த வழிதான். அதோடு எண்ணூர் காமராஜர் துறைமுகச் சரக்கு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கூட்ஸ் போக்குவரத்து. சென்னையிலிருந்து அத்திப்பட்டு வரை கூடுதல் பாதை போட்டு விட்டார்கள், அதனால் அதுவரை பிழைத்தோம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மூன்றாவது, நான்காவது பாதை என்று எத்தனையோ வருடமாகப் பேச்சு நடக்கிறது. இரண்டே பாதையில் எக்ஸ்பிரஸ், கூட்ஸ், நம் மின்சார ரயில் மூன்றும் போக வேண்டும் என்றால் ஓரங்கட்டப்படுவது நாம்தான். எம்.பி.யிடம் மனுக் கொடுப்பவர்கள் புது வண்டி விடுங்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு இந்தப் பாதையைக் கேட்க வேண்டும். பாதை இல்லாமல் எந்த வண்டியை எங்கே விடுவது?

கவரப்பேட்டையில் 2024 அக்டோபர் 11 இரவு நடந்தது வேறு விஷயம். மெயின் லைனில் போக வேண்டிய மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைன் என்கிற பக்கப் பாதைக்குள் நுழைந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு கிடந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு, யாரும் சாகவில்லை என்றால் நம்ப முடியாது, ஆனால் யாரும் சாகவில்லை. உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அன்றாடம் நான் பயப்படுவது பேசின் பிரிட்ஜைப் பார்த்துத்தான். சென்ட்ரலுக்குள் நுழைய இடம் இல்லாமல் வண்டி அவுட்டரில் நிற்கும், உடனே பொறுமை இல்லாதவர்கள் ஒவ்வொருவராகத் தண்டவாளத்தில் குதித்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் போன். பக்கத்துத் தண்டவாளத்தில் எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கடையில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, குதிக்காதீர்கள்.

கேள்வி: தடாவிலிருந்து ஆயிரம் விளக்குக்கு வேலைக்கு வருகிறேன். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ஏறுவது நல்லதா, விம்கோ நகரிலேயே மாறுவதா? (தடா வாசகி)

விம்கோ நகர். 2021 பிப்ரவரியில் மெட்ரோவை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள், அதே நீல வழித்தடம் உங்களை ஆயிரம் விளக்கில் நேராக இறக்கிவிடும். உட்கார இடம் கிடைக்கும், அவுட்டர் தொல்லை இல்லை. காசு கூடுதல்தான். வண்டி நேரத்துக்கு வருகிற நாளில் சென்ட்ரல், அத்திப்பட்டிலேயே தாமதமான நாளில் விம்கோ நகர் என்று வைத்துக்கொண்டால் பர்ஸும் தாங்கும். ராத்திரி திரும்பும்போது மகளிர் பெட்டியில் ஏதாவது தொந்தரவு என்றால் 139, அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.

கேள்வி: சூலூர்பேட்டையில் ஏறுகிறவர்கள் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், டிபன் பை எல்லாம் போட்டு சீட்டுப் பிடித்துவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஏறுகிற நாங்கள் சென்ட்ரல் வரை நிற்கிறோம். ஆந்திராக்காரர்களுக்கு மட்டும் தனி சட்டமா? (கும்மிடிப்பூண்டி வாசகர்)

சட்டத்தில் கைக்குட்டைக்கு இடமே இல்லை, எந்த மாநிலத்துக் கைக்குட்டையாக இருந்தாலும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். ஆனால் தம்பி, நீங்கள் மாலையில் மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி காலியாக இருக்க, சூலூர்பேட்டை வண்டியில் ஏறி சீட்டைப் பிடித்துக்கொள்வதாக தடாவிலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. அவர்களுக்கு அந்த ஒரு வண்டிதான். உங்களுக்குப் பின்னாலேயே இன்னொன்று இருக்கிறதே?