'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே

வில்லிவாக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, எலும்பு முறிவு வார்டில் வேலை, ஜெயிலில் நர்ஸ் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன், வீட்டுக்காரர் சரி என்கிறார், மாமியார் போனில் அழுகிறார், போகலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

நான் பெரம்பூர். இங்கிலாந்துக்குப் போய் 12 வருஷம்; அதில் 8 வருஷம் வடக்கே ஒரு ஆண்கள் சிறையில். இப்போது லீவில் அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று சென்ட்ரல் பக்கம் போனபோது மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடத்தைப் பார்த்தேன். பழைய மத்திய சிறை இருந்த இடம் அது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடித்தார்கள். நான் ஜி.எச்சில் பயிற்சியில் இருந்த காலத்தில் அந்த மதில் அப்படியே நின்றது. உள்ளே யார், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கைதி நோயாளி யாராவது வந்தால் கட்டில் காலடியில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆயாம்மா முதல் பக்கத்துக் கட்டில் அட்டெண்டர் வரை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கேஸு?"

இங்கிலாந்து ஜெயிலில் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். இன்னாரைப் பெண் ஊழியர் தனியாகப் பார்க்கக் கூடாது என்பது போன்ற எச்சரிக்கை இருந்தால் ஆபீசர்களே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் எதற்கு? எனக்கு ஆறு மாதம் பிடித்தது அந்த ஆர்வம் அடங்க. ஒரு தாத்தா, காலில் ஆறாத சர்க்கரைப் புண், வாரம் இரண்டு முறை டிரெஸ்ஸிங். அவர் கேஸ் என்ன என்று ஒரு நாள் தற்செயலாகக் காதில் விழுந்தது. அடுத்த முறை கட்டு போடும்போது என் கை கொஞ்சம் அவசரப்பட்டதை நானே கவனித்தேன். அப்புறம் யாரைப் பற்றியும் கேட்டதில்லை.

சரி, பயம். மாமியாருக்குச் சொல்ல இது போதும்: சனிக்கிழமை ராத்திரி கேஷுவாலிட்டியில் குடித்துவிட்டு வருகிறவர்களிடம் வாங்கிய அளவு திட்டு நான் ஜெயிலில் வாங்கவில்லை. இடுப்பில் ரேடியோ, சுவரில் அலாரம் பட்டன், கூப்பிட்டால் ஓடிவர ஆபீசர்கள். எட்டு வருஷத்தில் என் மேல் விழுந்தது ஒரே ஒரு கப் ஆறிப்போன டீ.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் ஹேட்ச் திறக்கும் நேரத்தைச் சொல்கிறேன். ஹேட்ச் என்றால் மாத்திரை கொடுக்கும் சின்ன ஜன்னல். விங்கில், அதாவது சிறையின் அந்தப் பிரிவில் உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள், பக்கத்தில் ஓர் ஆபீசர். போட்டோ போட்ட அட்டையைப் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, அளந்த மெத்தடோனை பிளாஸ்டிக் கப்பில் கொடுப்போம். ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கொடுக்கும் திரவ மருந்து அது. கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். மேலே தண்ணீர். பிறகு ஏதாவது பேச வைப்போம். வாயில் வைத்திருந்தால் பேச்சு குழறும். மாத்திரை என்றால் வாயைத் திற, நாக்கைத் தூக்கு. நாற்பது, ஐம்பது வயது ஆளிடம் நாக்கைத் தூக்கு என்று சொல்ல முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், உள்ளே மாத்திரைதான் காசு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், தூக்கம் வர வைக்கும் மிர்டாசபின், எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பிரிகாபலினை 2019இல் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நீ ஏமாந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது. கடன்பட்ட ஒருவன் தன் வலி மாத்திரையைத் துப்பி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க வலியில் கிடப்பான்.

இப்போது நான் செய்த தப்பு. சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு மாலை கோர்ட்டிலிருந்து புதிதாக வந்தவர்களை ரிசப்ஷனில் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். முதல் ராத்திரிதான் ஆபத்தான ராத்திரி. குடி, போதை, தற்கொலை எண்ணம், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்து எல்லாவற்றையும் அப்போதே கேட்டாக வேண்டும். ஒரு இலங்கைப் பையன் வந்தான். பெயரைப் பார்த்து, நான் தமிழ்தான் என்று சொன்னதும் அவன் முகமே மாறிவிட்டது. எல்லாம் முடிந்து எழும்போது, "அக்கா, அம்மாவுக்கு ஒருக்கா போன் பண்ணி நான் சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றான். கைதி சார்பாக வெளியே யாரிடமும் நாம் பேசக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டவனிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கலாம் தம்பி" என்றேன்.

நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் பார்க்கலாம், கடன் கேட்டாலும் பார்க்கலாம். கேட்டவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். அவன் அதை வாக்காக எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை ஹேட்சில் முதல் கேள்வி, "அம்மாவிட்ட சொன்னீங்களோ அக்கா?" இல்லை என்றேன். மாத்திரையைத் தொடாமல் திரும்பிப் போனான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறவர்களுக்குத் திறக்கும் கண்காணிப்புக் கோப்பை அவன் பெயரில் திறந்தார்கள்; 'ஆக்ட்' என்று சொல்வார்கள், நீயும் தினமும் கேட்பாய். அதன் முதல் கூட்டத்தில் நானும் உட்கார வேண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை. "முடியாது என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே சாப்ளினிடம் கேட்டிருப்பான்" என்று மட்டும் மேனேஜர் சொன்னார். சாப்ளின் என்றால் சிறையில் இருக்கும் மதகுரு. கடைசியில் சாப்ளின் மூலமாகத்தான் அம்மாவுக்குத் தகவல் போனது. பையன் தேறிவிட்டான். ஆனால் போகும் வரை என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, மற்றவர்களைப் போல 'மிஸ்' என்றே கூப்பிட்டான்.

ஆகவே முடியாததை முடியாது என்று உடனே சொல், யாரிடம் கேட்டால் நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல். டென்டிஸ்ட் எப்போது என்று கேட்டால் தெரியாது என்று சொல். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் நாளைக்குப் போய் நில். 23 மணி நேரம் அறைக்குள் அடைபட்டிருக்கும் நாளும் அவர்களுக்கு உண்டு. நீ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் அவ்வளவு நேரம் காத்திருப்பான். உன்னைப் பற்றிக் கேட்பதற்கும் இதே கணக்குதான். எந்த ஊர் மிஸ், எத்தனை பிள்ளைகள், எந்தப் பஸ்ஸில் வருவீங்க என்று நல்லபடியாகத்தான் ஆரம்பிக்கும். நமக்கு விசாரித்துப் பேசியே பழக்கம். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றக் கற்றுக்கொள்.

மற்றவை சின்ன விஷயம். போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் கேட்டுக்கு வெளியே லாக்கரில். அனுமதி இல்லாமல் போன் உள்ளே போனால் அது குற்றம், மறந்துவிட்டேன் என்ற கதை எடுபடாது. சாவிக்கொத்து இடுப்புச் சங்கிலியில். அதோடு வீட்டுக்கு வந்துவிட்டால் அன்றைக்கு உன் பெயர்தான் சிறை முழுக்க. ரேடியோவில் 'கோட் ப்ளூ' என்றால் மூச்சு அல்லது மயக்கம், 'கோட் ரெட்' என்றால் ரத்தம் அல்லது தீக்காயம். எங்களுடையது விக்டோரியா காலத்துக் கட்டடம், எமர்ஜென்சி பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஓடுவோம். முழங்கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். கைதிகள் எண்ணிக்கை சரியாக வராவிட்டால் டூட்டி முடிந்தாலும் வெளியே விட மாட்டார்கள். குழந்தையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

விசா விஷயத்தில் நிதானமாகப் போ. இங்கிலாந்தில் சிறை மருத்துவம் 2006லிருந்து என்.எச்.எஸ்., அதாவது அரசு மருத்துவச் சேவையின் பொறுப்பு. ஆனால் உன்னை வேலைக்கு எடுப்பது ஒரு என்.எச்.எஸ். டிரஸ்டாகவும் இருக்கலாம், ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனியாகவும் இருக்கலாம். ஸ்பான்சர் செய்வார்களா, பென்ஷன் எது, ஒப்பந்தம் கைமாறினால் என்ன ஆகும் என்று இன்டர்வியூவிலேயே கேள். வேலை மாறினால் புது ஸ்பான்சர் சான்றிதழும் புது விசா விண்ணப்பமும் வேண்டும். பாதுகாப்புச் சோதனை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். உயர் பாதுகாப்புச் சிறைகளில் சில ஆண்டு பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். ஏழு மாதம்தான் ஆகிறது என்பதால் விளம்பரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பார். என்னைக் கேட்டால் இன்னும் ஒரு வருஷம் வார்டில் இருந்து கை பழகிவிட்டுப் போவது நல்லது. ஜெயிலில் ராத்திரி டூட்டியில் பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். எப்போது போனாலும், கிளியரன்ஸ் கைக்கு வருவதற்கு முன்னால் ராஜினாமா கடிதத்தை மட்டும் கொடுத்துவிடாதே.