கல்யாண மண்டபத்துக்கு எந்த எல்இடி திரை?

கேள்வி: கரூர் அருகே திருமண மண்டபம் வைத்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் சுமார் 12 அடி அகலத்தில் எல்இடி திரை வைக்க எண்ணம். ஒருவர் பி2.5 வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பி3.91 போதும் என்கிறார். மூன்றாமவர் வெளிப்புறத் திரையான பி5-ஐ மலிவாகத் தருகிறாராம். முதல் வரிசை 15 அடியில், கடைசி வரிசை 60 அடியில் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: உள்ளரங்கத்துக்கென்றே செய்த பி3.91 வாங்குங்கள். மூவருமே ஆளுக்கொரு திரையைச் சொன்னார்கள்; திரையில் என்ன ஓடப்போகிறது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் திரையில் ஓடப்போவது மூன்று: முகூர்த்தத்தின் நேரலை, மணமக்கள் பெயர், புகைப்படத் தொகுப்பு. இதில் நேரலைதான் முக்கியம். தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசைக்காரர்கள் பார்ப்பது வீடியோக்காரர்களின் முதுகைத்தானே!

பி என்பதற்குப் பின்னால் வரும் எண், அடுத்தடுத்த இரு ஒளிப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். எத்தனை மில்லிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியாது என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. உங்கள் முதல் வரிசை நாலரை மீட்டரில் இருக்கிறது, பி3.91-க்கு அது போதும். திரையின் அரை மீட்டர் சதுரப் பெட்டிகளை அகலத்தில் 7, உயரத்தில் 4 என அடுக்கினால் மூன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் வரும். 896-க்கு 512 பிக்சல். கேமராப் படத்தின் 16:9 அளவுக்கு மிக நெருக்கம் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை உறுத்தாது.

எழுத்துதான் கொஞ்சம் சிக்கல். ஆங்கிலப் பெரிய எழுத்து குறைந்த புள்ளிகளிலும் பிழைத்துக்கொள்ளும். தமிழுக்கு மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகரக் காலும் உண்டு. 16 வரிசைப் புள்ளிகளே உள்ள பி10 எழுத்துப் பலகைகளில் 'ஸ்ரீ'யும் 'ணை'யும் கட்டியாகக் குழம்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தது 24 வரிசையாவது வேண்டும் என்பேன். அறுபது அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து 10 செ.மீ. உயரம் இருக்கட்டும்: பி3.91-இல் அதற்கு 25 வரிசை கிடைக்கும், பி5-இல் 20தான்.

அந்த மலிவு பி5-ஐ நான் ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் தெரிவதற்காக 5,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு ஒளிரும்படி செய்த திரை அது. மண்டபத்துக்குள் 600 முதல் 800 போதும். கண் கூசுகிறதே என்று வெளிச்சத்தை அடியோடு குறைத்தால் முதலில் அடிபடுவது கரும் நிறங்களின் நுணுக்கம். அரக்குப் பட்டுப்புடவையின் மடிப்புகள் மறைந்து ஒரே திட்டாகிவிடும். மணப்பெண்ணின் ஜடை கறுப்புக் கோடாகத் தெரியும்.

பி2.5-க்குச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரையையே மணமேடைக்குப் பின்னணியாக வைத்து, அதன் முன் நின்று படம் எடுப்பதென்றால் அதை வாங்குங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு பெரிய டிவி போதும், எல்இடி சுவர் வீண்.

பேரம் பேசுமுன் ரெப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்று கேளுங்கள். 3,840 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். 1,920 என்றால் வீடியோக்காரரின் கேமராவில் திரை முழுக்கக் கோடுகள் விழ வாய்ப்பு அதிகம், ஆல்பம் கெட்டுப்போகும், பழி மண்டபத்துக்கு வரும்.

ஷோரூமில் கறுப்புப் பின்னணியில் கிளியும் மீனும் ஓடும் படத்தைக் காட்டுவார்கள். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓடவிடச் சொல்லுங்கள். பிறகு திரை முழுக்க வெள்ளை, அதன்பின் மங்கிய சாம்பல். திரையைச் சேர்த்து அமைக்கும் சிறு பலகைகளான மாட்யூல்களில் ஒன்றுக்கொன்று நிறம் மாறினால் அப்போது தெரிந்துவிடும்.

உதிரி மாட்யூல்களை இப்போதே, அதே தயாரிப்புத் தொகுப்பிலிருந்து வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வருவது நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியும்.