மாதம் 20,000 கட்டியும் அசையாத கார்டு பாக்கி

கேள்வி: நாங்கள் தி.நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை 24,000. கணவருக்கு கிண்டியில் வேலை, எனக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில். இருவருக்கும் சேர்த்து கைக்கு 88,000 வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேர். பால், காய்கறி, மளிகை, சனிக்கிழமை பிரியாணி எல்லாமே ஆப்பில், கிரெடிட் கார்டில்தான். மாதம் 13,000 ஆகிறது. போன வருடம் ஆடித் தள்ளுபடியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஜவுளியும் பாத்திரமும் எங்கள் கார்டில் 1,62,000-க்கு எடுத்தார்கள், இதுவரை 35,000 திருப்பித் தந்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டினேன், அப்புறம் மாதம் தவறாமல் 20,000 கட்டுகிறேன். ஆனால் பத்து மாதமாக பாக்கி 1,84,000-ஐ விட்டு இறங்கவில்லை. பத்து நிமிட டெலிவரியை நிறுத்தினால் சரியாகுமா, அல்லது கூடுவாஞ்சேரி பக்கம் குறைந்த வாடகைக்குப் போய்விடலாமா? நகைச் சீட்டு 5,000 ஓடுகிறது, நான்கு தவணை கட்டியிருக்கிறேன். தோழி ஒருவர் ஆப்பில் வாங்கும் டிஜிட்டல் தங்கத்தில் தினம் 50 ரூபாய் போடச் சொல்கிறார். நாத்தனாரின் இரண்டாவது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டை இணைத்திருக்கிறேன். லாக்கரில் பதினோரு பவுன் நகை இருக்கிறது. — தி.நகர் வாசகி

பதில்: கடிதத்தில் கொத்தமல்லிக் கட்டைக்கூட ஆப்பில் வாங்குகிற குற்ற உணர்ச்சிதான் தெரிகிறது. அதை முதலில் கீழே இறக்கி வையுங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில், பிரியாணியும் சேர்த்து, மாதம் 13,000 என்பது ஊதாரித்தனம் இல்லை. உணவு ஆப்களில் 2023-ல் இரண்டு ரூபாயாக ஆரம்பித்த பிளாட்ஃபார்ம் கட்டணம் இப்போது பத்தைத் தாண்டிவிட்டது, மளிகை ஆப்பில் பில் தொகை சின்னதாக இருந்தால் அதற்கும் தனிக் கட்டணம், இதெல்லாம் எனக்கும் எரிச்சல்தான். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் இறங்கி வரும் கணவரிடம் ஒரு பை கொடுத்தனுப்பினால் ரங்கநாதன் தெரு முனையிலேயே காய்கறி வாங்கி வந்துவிடலாம், ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிஞ்சும். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் 1,84,000 அதனால் கரையாது.

நீங்கள் போடும் கணக்கு இது. மாதம் 13,000 செலவு, 20,000 கட்டுகிறோம், அப்படியானால் 7,000 குறைய வேண்டும். குறையவில்லை என்றதும் எங்கேயோ வேறு செலவு ஒளிந்திருக்கிறது என்று நினைத்து பால் பாக்கெட்டைச் சந்தேகப்படுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்தில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 1,84,000-க்கு அது 6,440 ரூபாய். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 1,160. மொத்தம் 7,600. நீங்கள் கூடுதலாகக் கட்டும் 7,000-ஐ வட்டி அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் ஒரு அறுநூறு ரூபாய் பாக்கி கேட்கிறது. பத்து மாதத்தில் சுமார் 76,000 ரூபாய் போயிருக்கிறது, உங்கள் மூன்று மாத வாடகையைவிட அதிகம்.

இன்னொரு விஷயம், இதைப் பலபேர் கவனிப்பதே இல்லை. கார்டில் வாங்கினால் இருபது நாள், ஐம்பது நாள் வட்டியில்லை என்று சொல்வார்களே, அது முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவர்களுக்கு மட்டும். ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும், புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். அதாவது போன வருடம் எடுத்த பட்டுப் புடவைக்கு மட்டுமல்ல, நேற்று காலை வாங்கிய அரை லிட்டர் பாலுக்கும் கால் கிலோ தக்காளிக்கும் வருடத்துக்கு 42 சதவீதக் கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கந்துவட்டி என்று கேட்டால் பதறுகிற நாம், ஆப்பில் வந்தால் பேசாமல் இருக்கிறோம். கார்டு பாக்கிக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது, அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே யாராவது இதைக் குறைத்துவிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆகவே உங்களைக் கெடுப்பது ஆப் அல்ல, தி.நகரும் அல்ல. பாக்கி இருக்கிற கார்டிலேயே அன்றாடச் செலவையும் தேய்ப்பது, அந்தப் பாக்கி அடுத்தவருக்காக வந்தது, இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதுதான் சிக்கல்.

முதலில் பாக்கி. லாக்கரில் பதினோரு பவுன் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில், ஏதோ தொடர்பில்லாத தகவல் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பவுனை, நெருக்கினால் நான்கு பவுனை, ஒரு பொதுத்துறை வங்கியில் அடகு வைத்து 1,84,000 வாங்கி கார்டை ஒரே தடவையில் பூஜ்யமாக்குங்கள். அங்கே வட்டி வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம், 9.5 என்று வைத்தால் மாதம் சுமார் 1,460 ரூபாய். இன்று 7,600, நாளை 1,460. நகையை அடகு வைக்க மனசு வராது என்பது எனக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்ற யோசனையும் வரும். ஆனால் அந்த நகை லாக்கரில் தூங்குகிறது, தூங்குவதற்கு வாடகையும் கட்டுகிறீர்கள்.

அடகில் ஒரு கண்ணி இருக்கிறது. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று ஒரு வகைக் கடன் தருவார்கள், அதை எடுக்காதீர்கள். வருடக் கடைசியில் மொத்தமாகப் பணம் யாரிடமும் இருப்பதில்லை, புதுப்பித்துப் புதுப்பித்து கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். மாதாமாதம் அசலோடு கட்டுகிற மாதிரி கேளுங்கள், அல்லது அவ்வப்போது பகுதியாகக் கட்ட அனுமதிக்கும் கணக்காக எடுங்கள். கார்டு தந்த வங்கியே கார்டுப் பாக்கியை மாதத் தவணையாக, அதாவது ஈ.எம்.ஐ. ஆக, மாற்றித் தருகிறேன் என்று தினம் குறுஞ்செய்தி அனுப்பும். நகை இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லை, உங்களுக்குத் தேவையில்லை, வட்டி அதில் அதிகம், போதாததற்கு பிராசசிங் கட்டணம், வட்டி மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் தனி. 'வட்டியில்லா ஈ.எம்.ஐ.' என்பதும் அப்படித்தான். அப்படி ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது, விளம்பரம் மட்டும் நிற்கவில்லை.

கார்டு பூஜ்யமானதும் அதை ஆப்களிலிருந்து எடுத்துவிடுங்கள். பாலும் மளிகையும் சம்பளக் கணக்கிலிருந்து யூபிஐயில் போகட்டும். இங்கே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்து வைத்திருந்தால், கடையில் ஸ்கேன் செய்யும்போது அது முதலில் வந்து நிற்கலாம், அவசரத்தில் பின் நம்பரைப் போட்டுவிட்டால் திரும்ப கார்டுக் கடன்தான். அதைப் பிரித்துவிடுங்கள். இதுவரை கார்டுக்குப் போன 20,000-ல் இனி 13,000 வீட்டுச் செலவுக்கு, 7,000 அடகுக் கடனுக்கு. முதல் மாதம் கை கடிக்காது, ஏனென்றால் போன மாத மளிகையும் சேர்த்துத்தான் அந்த 1,84,000.

நகைச் சீட்டை நிறுத்துங்கள். 42 சதவீத வட்டி ஓடும்போது, பதினோரு மாதம் கட்டினால் ஒரு தவணை இலவசம், செய்கூலி இல்லை என்கிற கணக்கெல்லாம் யாருக்காக? கட்டிய 20,000 எங்கும் போகாது, பெரும்பாலும் பணமாகத் தரமாட்டார்கள், முதிரும் தேதியில் நகையாக எடுத்துக்கொள்ளலாம், போனஸ்தான் கிடைக்காது. கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 5,000-ஐயும் சேர்த்தால் மாதம் 12,000 அடகுக்குப் போகும், பதினாறு பதினேழு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

டிஜிட்டல் தங்கம் பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஒரு இடைவெளி வேறு. இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. இருக்கிற தங்கத்தையே அடகு வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தினம் 50 ரூபாய்க்குப் புதுத் தங்கம் எதற்கு? தோழியிடம் அவர் கார்டு பாக்கி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு மாற்றுவது பற்றி. கூடுவாஞ்சேரியில் பத்தாயிரம் வாடகை மிஞ்சும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் இப்போது உங்கள் கணவர் மாம்பலத்தில் ஏறி கிண்டியில் இறங்குகிறார், டிக்கெட் ஐந்து ரூபாய். உங்கள் பள்ளிக்கு நடந்து போகிறீர்கள். வண்டியே இல்லாமல் ஒரு குடும்பம் ஓடுகிற இடங்கள் இந்த ஊரில் குறைவு. அங்கே போனால் ஒரு ஸ்கூட்டராவது வேண்டும், அதற்குக் கடன், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளியில் அட்மிஷன், அட்வான்ஸ், லாரி கூலி. வட்டியும் அதே லாரியில் ஏறி வரும். அடகு முடிந்த பிறகு, அப்போதும் போக வேண்டும் என்று தோன்றினால் யோசிப்போம்.

இனி நாத்தனார் விஷயம். கடிதத்தில் இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. தி.நகரில் வீடு இருப்பவர்களுக்கு இது ஒரு தனி வரிச்சுமை மாதிரி. ஊரிலிருந்து கல்யாண ஜவுளிக்கு வருபவர்களுக்கு நம் வீடுதான் தங்குமிடம், நம் கைதான் பை தூக்குவது, கடைசியில் பில் கவுன்டரில் "உங்க கார்டுக்கு பத்து பர்சென்ட் தள்ளுபடியாம்" என்று ஒரு குரல். அந்தப் பத்து சதவீதத்துக்கு உச்சவரம்பு பெரும்பாலும் ஆயிரத்தைந்நூறோ இரண்டாயிரமோதான், பில் எவ்வளவு பெரியதானாலும். அந்த இரண்டாயிரம் அவர்களுக்குப் போனது. 76,000 வட்டி உங்கள் தலையில் விழுந்தது. நாத்தனார் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, கார்டு வட்டி எப்படி ஏறுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியே இருக்கமாட்டார்கள். வீட்டில் கல்யாணம் நடத்திய யாரிடமும் அடுத்த வருடம் பணம் இருப்பதில்லை என்பதும் உண்மை.

அவர்கள் தந்த 35,000 எங்கே போனது என்று யோசித்தீர்களா? ஐந்தாயிரம், பத்தாயிரமாக கையில் கொடுத்திருப்பார்கள், அது பள்ளி ஃபீஸுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போயிருக்கும். கார்டுக்குப் போயிருக்காது, ஸ்டேட்மென்ட்டில் அப்படி ஒரு வரவே இல்லை. மீதி 1,27,000-க்கும் இதே கதி வராமல் இருக்க வேண்டுமானால், இனி பணமாக வாங்காதீர்கள். அடகுக் கடன் கணக்கு எண்ணைக் கொடுத்து, மாதம் ஐந்தாயிரம் நேராக அதில் போடச் சொல்லுங்கள். வட்டியைக் கேட்க வேண்டாம், கேட்டால் உறவும் போகும், அசலும் நிற்கும். அந்த ஐந்தாயிரம் ஒழுங்காக வந்தால் உங்கள் 12,000-உடன் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் கடன் முடியும். வராவிட்டாலும் பதினேழு மாதத்தில் முடியும், அந்தக் கணக்கை அவர்களை நம்பிப் போடவில்லை.

இதை நீங்கள் பேசக்கூடாது, உங்கள் கணவர் பேச வேண்டும். தம்பி பெண்டாட்டி கேட்டால் அது சண்டை, தம்பி கேட்டால் அது கணக்கு. "அக்கா, கல்யாண ஜவுளிப் பணம் பேங்க்ல அப்படியே நிக்குது, நகையை வெச்சு அடைச்சிருக்கோம், மாசம் அஞ்சாயிரம் இந்த நம்பர்ல போட்டுடு" என்றால் போதும். நகையை வைத்தோம் என்கிற வார்த்தை நம் வீடுகளில் எந்த வட்டிக் கணக்கையும்விட சீக்கிரம் புரியும். உங்கள் கணவர் தயங்குவார், ஒரு மாதம் தள்ளிப்போடுவார். ஸ்டேட்மென்ட்டில் இந்தப் பத்து மாத வட்டி வரிகளை மட்டும் மஞ்சளால் கோடு போட்டு அவர் முன்னால் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கார்டைப் பூஜ்யமாக்கிய அன்றைக்கே செய்ய வேண்டியது. உங்கள் கார்டு லிமிட் 2,50,000. அதை 40,000-ஆகக் குறைத்துவிடுங்கள், வங்கி ஆப்பில் முடியாவிட்டால் கஸ்டமர் கேரில் சொன்னால் செய்வார்கள். நாளை யாராவது கவுன்டரில் நின்று கார்டைக் கேட்டால், "அதுல அவ்வளவு லிமிட் இல்லீங்க" என்று சொல்லலாம், பொய்யும் இல்லை, முகமும் கோணாது. நாத்தனாரின் இரண்டாவது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி வர அதிக நாளில்லை, அதற்குள் முடித்துவிடுங்கள்.