விவிட்டார் 283-ஆ, சன்பேக் 383-ஆ?

கேள்வி: பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் ஆட்களைப் படமெடுக்கப் பழைய ஃபிளாஷ் தேடியதில் விவிட்டார் 283, சன்பேக் ஆட்டோ 383 சூப்பர் இரண்டும் கிடைத்தன. எதை வாங்கலாம்? கேமராவுக்கு ஆபத்து உண்டா?

பதில்: நீங்கள் எடுக்கப்போவது ஆட்களை என்பதால் 383-ஐத்தான் சொல்வேன். பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் கைடு நம்பர் (தூரத்தை லென்ஸ் துளையின் எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது) மீட்டர் கணக்கில் சுமார் 36. அதாவது நாலரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எஃப்/8.

வித்தியாசம் தலையில் இருக்கிறது. 283-இன் தலை மேலே மட்டும் சாயும். கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் அது பக்கத்துச் சுவரைப் பார்க்கும், கூரையில் பட்டு இறங்கும் மென்மையான வெளிச்சம் கிடைக்காது. 383-இன் தலை பக்கவாட்டிலும் திரும்பும் என்பதால் எப்படிப் பிடித்தாலும் கூரையை நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். முக அழகே இதில்தான் இருக்கிறது.

அப்புறம் மேனுவல் பவர், அதாவது பலத்தை நாமே அமைப்பது. 283-இல் மேனுவல் என்றால் முழு பலம் மட்டும்தான். குறைக்க விபி-1 என்ற உதிரிப் பாகத்தைத் தனியாகத் தேட வேண்டும். ஒன்றரை மீட்டரில் முழு பலத்தில் அடித்தால் லென்ஸ் துளையை எஃப்/22-ஐவிடச் சிறிதாக்க வேண்டிவரும். 383-ஐ 1/16-க்கு இறக்கினால் அதே தூரத்துக்கு எஃப்/5.6 போதும். 283-க்கும் ஒரு பெருமை உண்டு: அதன் சென்சாரை (ஆட்டோவில், திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷை நிறுத்தும் கண்) கழற்றி, அதற்கான கேபிளில் மாட்டிக் கேமரா மேல் வைத்துவிட்டு, ஃபிளாஷைத் தள்ளிப் பிடிக்கலாம்.

ஆபத்து என்றால் டிரிக்கர் வோல்டேஜ்தான், அதாவது ஃபிளாஷ் கேமராவின் தொடர்பில் கொடுக்கும் வோல்டேஜ். ஆரம்பகால 283-களில் சில 200 வோல்ட்டையும் தாண்டும். கே1000-இன் தொடர்பு வெறும் இயந்திரத் தொடர்பு, அதைத் தாங்கும். டிஜிட்டல் கேமராவில் மட்டும் அளந்து பார்க்காமல் மாட்டவே மாட்டாதீர்கள். ஃபிளாஷ் சார்ஜ் ஆனபின், அடிப்பாகத்தின் நடுப் புள்ளிக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்.

வாங்கும்போது புது பேட்டரி நான்கு கொண்டுபோங்கள். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சரி, ஆட்டோவில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரைப் பார்த்து அடியுங்கள். ரெடி விளக்கு சட்டென்று மறுபடி எரிய வேண்டும். இப்போது சென்சாரை விரலால் மூடிக்கொண்டு அடியுங்கள். பளீரென்று முழுதாக வெடித்து, திரும்ப நிறையப் பல விநாடி எடுத்தால் ஆட்டோ உயிரோடு இருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே மாதிரி என்றால் ஆட்டோ போய்விட்டது.

பல வருடம் பெட்டியில் கிடந்ததென்றால் முதல் சார்ஜுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். சார்ஜ் ஏறியதும் உடனே அடிக்காமல் சில நிமிடம் விட்டு, பிறகு அடியுங்கள். நாலைந்து தடவை செய்தால் கண்டென்சர் (சார்ஜைத் தேக்கி வைக்கும் பாகம்) தேறிவிடும். தேறவில்லை என்றாலும் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கும்.

கேமராவில் ஷட்டர் 1/60, அதைவிட வேகமாக வைக்க வேண்டாம். சோதனையில் 383 தவறி 283 தேறினால், தயங்காமல் 283-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.