கவசத்தைக் கழற்றிவிட்டு டிடெக்டர் வாங்கலாமா?

கேள்வி: மாணவர் குழுவாகச் சிறு செயற்கைக்கோளுக்குக் காமா கதிர் கேமரா வடிவமைக்கிறோம். மங்கலான விண்பொருள்களைப் படமெடுப்பது நோக்கம். டிடெக்டரை (கதிரைப் பதியும் உணர்வி) பக்கவாட்டுக் கதிரிலிருந்து காக்கும் கவசத்தோடு எடை வரம்பு மீறிவிட்டது. "கவசம் எதற்கு? அந்த எடைக்கு டிடெக்டர் கூடுதலாகப் போடுங்கள்" என்கிறார் விற்பனை முகவர். செய்யலாமா?

பதில்: கூடாது. அவர் விற்பது டிடெக்டர், கவசம் அல்ல.

காமா கதிரைச் சாதாரண லென்ஸ் வளைக்காது. அதனால் மேலே ஓட்டைகள் போட்ட உலோகத் தகட்டை வைத்து, கீழே விழும் நிழலிலிருந்து வானத்தைக் கணக்கிட்டு எடுக்கிறோம். பக்கவாட்டில் நுழையும் கதிருக்கு அந்த நிழல் கிடையாது. வெறும் இரைச்சலாகச் சேரும். இதுவும் சேர்ந்ததே 'பின்னணி'. டிடெக்டர் பரப்பை இரட்டித்தால் உணர்திறன் 1.4 மடங்குதான். கவசம் போய்ப் பின்னணி நான்கு மடங்கானால் உணர்திறன் பாதியாகும். லாபம் எங்கே?

கவசம் என்றதும் கனமான ஈயத்தை அடுக்காதீர்கள். காஸ்மிக் கதிர் (விண்வெளியில் பாய்ந்து வரும் அதிவேகத் துகள்கள்) மோதினால் ஈயமே புதிய கதிர்களைக் கக்கும். 2002-இல் ஏவப்பட்ட ஐரோப்பிய விண்நோக்ககம் இன்டெக்ரலின் ஐபிஸ் என்ற காமா கேமராவில் பிஸ்மத் ஜெர்மனேட் படிகமே கவசமாக இருந்தது: அதில் துகள் பட்டால் ஒளிரும், அதே கணத்தில் டிடெக்டரில் விழுந்த பதிவைத் தள்ளிவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் இலக்கு காமா வெடிப்பு (தொலைவிலிருந்து திடீரென வரும் காமா கதிர்ப் பாய்ச்சல்) மட்டும் என்றால் முகவர் சொல்வதில் பாதி நியாயம். வெடிப்பு சில நொடிகளில் பின்னணியை மீறி எழும். பக்கவாட்டில் வந்தாலும் அதுவே வேண்டியது. இந்தியச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ கருவி, சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (கதிரின் ஆற்றல் அலகு) மேல் தன் சுவரைக் கதிர் ஊடுருவி வந்துவிடுவதால் இப்படித்தான் வெடிப்புகளைப் பிடித்தது. 10 செ.மீ. கனசதுரமான ஜிஆர்பிஆல்ஃபா என்ற குட்டிச் செயற்கைக்கோள், 2022 அக்டோபர் 9 காமா வெடிப்பின் உச்சத்தைக் கதிர் வெள்ளத்தில் திணறாமல் அளந்தது. பெரிய கருவிகள் பல திணறின. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது மங்கலான பொருள்களின் படம். அங்கே இந்தச் சலுகை செல்லாது.

முகவரின் இன்னொரு தந்திரம்: "துல்லியம் 1 சதவீதம்!" கதிரின் ஆற்றலை அளப்பதில் வரும் பிசிறு இது; குறைந்தால் நல்லது. ஆனால் எந்த ஆற்றலில்? பெரும்பாலும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில். மின்சுற்றின் இரைச்சல் ஆற்றலோடு சேர்ந்து குறையாது. 60-இல் சதவீதம் பல மடங்கு ஏறும். எந்த வெப்பநிலை, பொறுக்கி எடுத்த ஒரு பிக்சலா, எல்லாவற்றின் சராசரியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

திட்ட விண்ணப்பப் படிவத்தில் இந்தச் சதவீதத்துக்குக் கட்டம் இருக்கும், பின்னணிக்கு இருக்காது. எத்தனை முறை சொல்லியும் யாரும் திருத்துவதில்லை. பின்னணி அளவைத் தனித்தாளில் எழுதி இணையுங்கள்.

எடை குறைய வேண்டுமா? டிடெக்டரைச் சுருக்குங்கள், சுற்றியுள்ள கவசமும் கூடவே சுருங்கும்.