ஒரே நாட்டுக்கு இரண்டு உடல் பருமன் விகிதங்கள்: எதை எடுப்பது?

வணக்கம். பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் இருவரின் உடல் பருமனையும் பத்தாண்டுக்குக் கண்காணிக்கத் தரவு தேடியதாகவும், ஒரே நாட்டுக்கு இரண்டு இடங்களில் வேறு வேறு விகிதம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் இரண்டுமே தப்பாக இருக்காது. உயரமும் எடையும் அளந்து எடுத்தவையா, வாயால் கேட்டு எழுதியவையா என்பதை முதலில் பாருங்கள். கேட்டால் மக்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வார்கள். பருமன் குறைவாகவே தெரியும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் தயவுசெய்து கலக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு தொற்றா நோய்களின் ஆபத்துக் காரணிகளைக் கண்காணிக்கும், உலக சுகாதார அமைப்பின் ஸ்டெப்ஸ் ஆய்விலிருந்து தொடங்குவேன். அதில் அளந்து எடுக்கிறார்கள். வீடு வீடாக நடத்தும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளான டி.எச்.எஸ். ஆய்வுகளும் நல்லவை, ஆனால் முக்கியமாக 15 முதல் 49 வயதுப் பெண்கள்தான். கர்ப்பிணிகளை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். என்சிடி-ரிஸ்க் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழுவின் தளத்தில் நீண்ட காலத் தொடர் கிடைக்கும். அவை புள்ளியியல் மாதிரி (மாடல்) வழியாகக் கணித்த மதிப்பீடுகள், நேரடி அளவீடு அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 25 என்றால் அதிக எடை, 30 என்றால் உடல் பருமன் என்ற பெரியவர்களுக்கான எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது. பத்து வயதுப் பையனின் பிஎம்ஐ 24 என்றால், பெரியவர்கள் கணக்கில் அது இயல்பு. உலக சுகாதார அமைப்பின் 2007 வளர்ச்சி அளவுகோலிலோ அது உடல் பருமன். அப்புறம், சர்வதேச உடல் பருமன் பணிக்குழுவின் (ஐ.ஓ.டி.எஃப்.) எல்லைகளைப் பயன்படுத்தினால் விகிதம் மறுபடி மாறும். எது பயன்பட்டிருக்கிறது என்று அறிக்கையின் முறையியல் பகுதியில் தேடுங்கள்.

உங்கள் இரண்டு எண்களின் வயது வரம்பையும் எல்லை அளவையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.