தேயிலை உரத்தைக் கோவாவுக்குப் போடலாமா?

இராகலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய தேயிலையைப் பிடுங்கிய இருபது பேர்ச் நிலத்தில் கோவாவும் லீக்ஸும் போட்டேன். தேயிலைக்கு வாங்கிய உரக்கலவையில் மிஞ்சியதை இரண்டு தடவை தூவினேன். லீக்ஸ் இலை கரும்பச்சையாக இருக்கிறது, தண்டு பருக்கவில்லை. கோவா பகலில் வாடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் தடித்து வீங்கியிருக்கிறது. இன்னும் உரம் போடவா?"

வேண்டாம். இந்த மண்ணில் இன்னொரு மூட்டை போட்டாலும் பயிருக்குச் சேராது, உங்கள் காசுதான் போகும்.

பயிர் எடுத்துக்கொண்ட சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் உரத்தின் வேலை. தேயிலையில் நாம் பறிப்பது கொழுந்து. அதனால் அதன் கலவைகளில் இலையை வளர்க்கும் நைதரசன் தூக்கலாக இருக்கும். உங்கள் லீக்ஸ் இலை கறுத்தது அதனால்தான். தண்டு பருக்கப் பொட்டாசியமும் வேண்டும், தண்டு வெள்ளையாக நீள அடியில் மண் அணைக்கவும் வேண்டும்.

ஆனால் பெரிய சிக்கல் மண்ணின் புளிப்பு. அதை அளப்பது பிஎச் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்குப் பிடித்த பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. கோவாவுக்கு 6க்கு மேல் இருந்தால் நல்லது. வருடக்கணக்காக யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் போட்ட தேயிலை நிலம் இன்னும் புளித்திருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் பொசுபரசுச் சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியம் மரக்கறி வேரையும் கருக்கும். தேயிலை மட்டும் அதைத் தாங்கும்.

கோவா வேர் வீங்கியதற்கும் இதில் பங்குண்டு. நீங்கள் சொல்லும் அடையாளம் கோவாக் குடும்பத்தைத் தாக்கும் வேர் வீக்க நோயைத்தான் காட்டுகிறது. புளித்த, ஈரம் நிற்கும் மண்ணில் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். எந்த உரமும் அதைக் குணப்படுத்தாது, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். வீங்கிய செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள். சில வருடங்களுக்கு அந்த இடத்தில் கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் வேண்டாம். கரட், போஞ்சி, லீக்ஸ் போடலாம்.

புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளைப் போட வேண்டும். அதில் கல்சியமும் மக்னீசியமும் உண்டு. எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும், பக்கத்துத் தோட்டக்காரரின் கைக்கணக்கு உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. நிலத்தில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே டொலமைட்டை மண்ணோடு கொத்திக் கலந்துவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள்; நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

அப்புறம் மூட்டைக் கணக்கு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. 2021 இரசாயன உர இறக்குமதித் தடைக்குப் பிறகு உரம் விற்ற விலையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஈர மண்ணில் போட்டு, மண்ணால் மூடுங்கள். பெருமழைக்கு முன் சரிவில் தூவினால் ஓடைக்குத்தான் போகும். பொசுபரசு தரும் எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று மலிவுதான், ஆனால் மெதுவாகக் கரையும்; தேயிலைக்குச் சரி, சில மாதத்தில் அறுக்கும் மரக்கறிக்குக் காணாது. கோழி எருவை நன்றாக மக்க விட்டுப் போடுங்கள். அதிலேயே பொசுபரசு நிறைய இருப்பதால், அது போட்ட பாத்திக்கு ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தைக் குறைக்கலாம்.

அடுத்து உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால் போதனாசிரியரிடம் அதையும் சொல்லுங்கள். டொலமைட் கூடினால் கிழங்கில் சொறி விழும்.